ஜூஸ் விரதமும் குக்கர் விசிலும்



இப்போது நாலு பெண்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தப் பேச்சுத்தான். சீர் வீடோ, கோயில் பொங்கலோ, பள்ளிக்கூட வாசலோ, எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் "மூணு நாள் ஜூஸ் மட்டும் குடிச்சேன், மூணு கிலோ இறங்கிடுச்சு" என்கிறார்கள். இன்னொருத்தர் கைபேசியைத் திறந்து "இதைப் பாருங்க, ஏழு நாள் சாறு விரதம், உடம்பில இருக்கிற கழிவெல்லாம் வெளியேறிடுமாம்" என்று காட்டுகிறார்கள். கேட்கக் கேட்க நமக்கும் ஆசை வருகிறது. இடுப்புச் சதை யாருக்குத்தான் பாரமாக இல்லை?

விரதம் நமக்குப் புதுசு இல்லை. ஏகாதசி, கிருத்திகை, கந்த சஷ்டி ஆறு நாள், புரட்டாசிச் சனிக்கிழமை என்று வருஷம் முழுக்க ஏதாவது இருந்துகொண்டுதான் இருக்கிறது. சஷ்டிக்குப் பாலும் பழமுமாகவே ஆறு நாளும் இருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பெரியவர்கள் கர்ப்பிணியையும், கைக்குழந்தைக்காரியையும், நோயாளியையும் விரதம் இருக்கச் சொல்லமாட்டார்கள். ரம்ஜான் நோன்பிலும் இவர்களுக்கு விலக்கு உண்டு. கைபேசியில் சொல்கிறவர்களுக்கு அந்தத் தயவு இல்லை. எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு!

நம் ஜில்லாக்காரர்களுக்குக் காந்தியின் உபவாசக் கதைகள் நன்றாகத் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் ஆரம்பித்த மண் அல்லவா இது! காந்தி 1943-ல் புனே ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை 21 நாள் உபவாசம் இருந்தார். அப்போது அவருக்கு வயது 73. சாகும்வரை உண்ணாவிரதம் என்று அவர் அதைச் சொல்லவில்லை. 'சக்திக்கு ஏற்ற உபவாசம்' என்றுதான் சொன்னார். வெறும் தண்ணீர் இறங்காமல் நிலைமை ரொம்ப மோசமானபோது, தண்ணீரில் கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு கலந்து குடித்துத்தான் தேறினார். முடிவில் கஸ்தூரிபா கையால் ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடித்து உபவாசத்தை முடித்தார்.

அவர் பக்கத்தில் டாக்டர் பி.சி. ராய், டாக்டர் கில்டர், டாக்டர் சுசீலா நய்யார் என்று பெரிய பெரிய வைத்தியர்கள் இருந்தார்கள். அவர் படுத்துக்கொண்டு இருந்தார். யாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டவில்லை. நமக்கோ பக்கத்தில் இருப்பது குக்கர் விசில்! அதனால்தான், குடும்பத்தை நடத்திக்கொண்டே சாறு விரதம் இருக்க முடியுமா என்று நானே ஒரு நாள் இருந்து பார்த்து உங்களுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் டாக்டரைப் பார்த்தேன். சென்னை அரும்பாக்கத்தில் 2000-ம் வருஷத்திலிருந்து அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அந்தப் படிப்பு ஐந்தரை வருஷம். படித்தவர்கள் பெயருக்குப் பின்னால் பி.என்.ஒய்.எஸ். என்று போட்டுக்கொள்வார்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. அப்படிப் படித்த டாக்டரம்மா ஒருத்தர் என் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு நாற்பத்தாறு வயசு, நோய் என்று ஒன்றும் இல்லை, மாத்திரையும் இல்லை. "ஒரே ஒரு நாள் இருங்க. தலை சுத்தினா அந்த நிமிஷமே நிறுத்திட்டுச் சாப்பிட்டுடணும்" என்றார்கள்.

நான் குடித்த கணக்கு இது. காலை 6 மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை எலுமிச்சம்பழமும் இரண்டு டீஸ்பூன் தேனும். எட்டரைக்கு ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு. 11 மணிக்கு ஒரு இளநீர். பரமத்தி வேலூர்க் காய், நல்ல தண்ணீர். மதியம் ஒரு டம்ளர் காரட் சாறு. நாலு மணிக்குச் சாத்துக்குடி. ராத்திரி ஏழு மணிக்கு மாதுளை. நடுவில் தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர். எதிலும் சர்க்கரை போடவில்லை.

அன்றைக்கு வீட்டு வேலை எதுவும் குறையவில்லை. சின்னவள் பத்தாம் வகுப்பு. அவளுக்கு ஏழரைக்கே டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசுக்கு எட்டரைக்குக் கிளம்புவார். அத்தைக்குப் பதினொரு மணிக்குக் கம்மங்கூழ். வெங்காயம் வதக்குகிற வாசனை வரும்போதுதான் விரதத்தின் அருமை தெரிகிறது! உப்புப் பார்க்கக்கூட வாயில் வைக்க முடியாதே! சின்னவளைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்னேன். "அம்மா, இன்னைக்குத்தான் நீ என்னைக் கேட்டு உப்புப் போட்டிருக்கே" என்று அவளுக்கு ஒரே பெருமை.

பதினொன்றரை மணிக்கு அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்கள்:

"ஏங்கண்ணு, வெறுந் தண்ணியக் குடிச்சுப்போட்டா இத்தன வேலையுஞ் செய்யற? ஒரு வாய் கூழாச்சும் குடி சாமி."

"ஒரு நாள்தானுங்க அத்தை. டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் இருக்கறனுங்க."

"டாக்டரம்மா வந்து உன்ற வூட்டுப் பாத்திரத்தையுங் கழுவித் தருவாங்களா?"

கேள்வி நியாயம்தானே! சாறு விரதம் வேலையைக் குறைக்கும் என்று நினைக்காதீர்கள். காய் கழுவ, தோல் சீவ, நறுக்க, அரைக்க, வடிகட்ட, மிக்ஸி ஜாரைக் கழுவ என்று அன்றைக்கு எனக்கு இரண்டு சமையல். மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மதியம் மூன்று மணிக்கு லேசாகத் தலைவலி. காப்பி இல்லாததும் ஒரு காரணம். தினமும் இரண்டு வேளை காப்பி குடிக்கிறவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கும். அதைக் "கழிவு வெளியேறுகிறது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். சாயந்திரம் அத்தை சொன்னபடி கொஞ்சம் படுத்தேன். ராத்திரிப் பாத்திரத்தை வீட்டுக்காரர் கழுவி வைத்தார். மாதுளைச் சாற்றைவிட அது தெம்பாக இருந்தது!

மறுநாள் காலையில் எடை பார்த்தேன். 800 கிராம் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் மறுபடி ஏறிப் பார்த்தால் 700 கிராம் திரும்பி வந்துவிட்டது. இது ஏன் என்று டாக்டரம்மா விளக்கியதைச் சொல்கிறேன். நம் உடம்பு அவசரத் தேவைக்கு என்று கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தை மடக்கி வைத்திருக்கிறது. அதற்குக் கிளைகோஜன் என்று பெயர். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்குமாம். சாப்பாடு குறைந்ததும் அந்த மாவுச்சத்து செலவாகிறது; அதோடு சேர்ந்த தண்ணீரும் போய்விடுகிறது. எடை மெஷின் காட்டுவது அந்தத் தண்ணீரின் கணக்கு. இரண்டு வேளை சோறு சாப்பிட்டதும் தண்ணீர் திரும்பிவிடும்.

அப்படியானால் கொழுப்பு எவ்வளவு கரைந்திருக்கும்? கூட்டிக் கழித்துப் பார்ப்போம். நான் குடித்த ஆறு டம்ளரும் சேர்ந்து சுமார் 400 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கொடுத்த கணக்குப்படி, அதிகம் அலையாத ஒரு பெண்ணுக்கே நாளைக்கு 1660 கலோரி வேண்டும். ஆக, குறைந்தது சுமார் 1260 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைய வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டினாலும் கரைவது சுமார் 160 கிராம். அதிலும் ஒரு பங்கு தசையாகப் போயிருக்கும். ஏனென்றால் சாற்றில் புரதம் மிகக் குறைவு. ஒரு பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஆறு டம்ளர் சாற்றிலும் சேர்த்து ஒரு நாமக்கல் முட்டை அளவுக்குத்தான், அதாவது ஐந்தாறு கிராம்தான் புரதம் தேறும். ஒரு ஆம்லெட்டுக்குக்கூட அந்த ஆறு டம்ளர் ஈடாகாது!

'கழிவு நீக்கம்' என்கிற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கழிவை மட்டும் வெளியே அனுப்புகின்றன. கல்லீரலும் ராப்பகலாக வேலை செய்கிறது. கழிவை வெளியேற்ற அந்த இரண்டும் போதும். அவை கேட்பது நல்ல தண்ணீரும் நல்ல சாப்பாடும்தான்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ராசிபுரத்தில் இருக்கிற என் தங்கை மகளுக்கு நாலு மாசக் கைக்குழந்தை. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சொந்தக்காரர்கள் யாரோ, "என்ன அம்மிணி, இப்படி ஊதிப்போயிட்டே!" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்களாம். அன்று ராத்திரி அவள் எனக்குப் போன் பண்ணினாள்.

"பெரியம்மா, நானும் ஏழு நாள் ஜூஸ் விரதம் இருக்கட்டுங்களா? ஒரே வாரத்துல குறைஞ்சிடுமாம்."

குரலில் அழுகை அடைத்துக்கொண்டிருந்தது. மகராசி, பத்து மாசம் சுமந்து, பெற்று, இன்னும் சரியாகத் தூங்கக்கூட இல்லை. அவளுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எல்லா இளம் தாய்மார்களுக்கும் சொல்கிறேன்.

தாய்ப்பால் கொடுக்கிற முதல் ஆறு மாசத்தில், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஆறு மாசத்துக்குப் பிறகு ஒரு வருஷம் வரை 520. நான் குடித்த ஆறு டம்ளர் சாறு, பால் சுரப்பதற்கு ஆகிற அந்தக் கூடுதல் செலவுக்கே பற்றாது. அப்புறம் தாய் எதை வைத்து நடமாடுவாள்? உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் உடம்பு தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குக் கொடுக்கும். பிள்ளைக்காக உடம்பு அந்த அளவுக்குப் பாடுபடுகிறது. நாம் அதைப் பட்டினி போடலாமா?

இன்னொன்றும் சொன்னேன்: "முதல்ல போய் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வா கண்ணு." 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! அவளுக்கும் ஹீமோகுளோபின் 9 தான் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியதை அவள் எடை கூடியதால் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தினமும் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிப் பீரோவுக்குள் வைத்திருந்தாள். நர்சம்மா அதை உடனே தொடங்கச் சொன்னார்கள். காப்பி, டீயோடு சேர்க்காமல், எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிட்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும்.

இப்போது அவள் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். காலையில் கேழ்வரகுக் களியோ இட்லியோ, மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீரையும் பருப்பும், தினம் ஒரு முட்டை, சாயந்திரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நடை. மெதுவாகத்தான் குறைகிறது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம். பால் நன்றாக இருக்கிறது, குழந்தை கொழுகொழு என்று இருக்கிறான். "ஊதிப்போயிட்டே" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டாள். "என்ற பையனுக்குப் பால் குடுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடு என்றேன். அதற்கு மேல் ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

என் வீட்டுக்காரரும் "நானும் கூட இருக்கட்டுமா" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு. டாக்டரம்மா கூடவே கூடாது என்றுவிட்டார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இனிப்பான பழச்சாறு குடித்தால் ஏறவும் ஏறலாம். இரண்டுமே ஆபத்து. ஒரு டம்ளர் சாற்றுக்கு மூன்று சாத்துக்குடி பிழிகிறோம். மூன்று பழத்தை ஒரே மூச்சில் உரித்துத் தின்போமா? பிழியும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் இறங்குகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோது, தேனையும் பழச்சாற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. டப்பாவில் வரும் சாறு வேண்டவே வேண்டாம். கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதற்கு 'நூறு சதவீதம் பழச்சாறு' என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட்டது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் ஆரஞ்சும்கூட ஆபத்தாக முடியும். அவற்றில் உள்ள பொட்டாசியத்தை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாது. கேரளத்தில் பிலிம்பி என்கிற புளிப்புக் காயை உடம்புக்கு நல்லது என்று கெட்டியாகச் சாறு எடுத்துக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் பாதித்ததை டாக்டர்கள் 2013-ல் எழுதினார்கள். காய் என்னவோ வீட்டுக் காய்தான், அளவுதான் விஷம்.

சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 2010-ல் டில்லியில் ஒரு விஞ்ஞானி, வழக்கமாகக் குடிக்கிற சுரைக்காய்ச் சாறு அன்று கசந்தும் குடித்துவிட்டு, உயிரையே விட்டார். கூடக் குடித்த மனைவியும் நோயில் விழுந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு போட்டு ஆராய்ந்தது. சுரைக்காய், வெள்ளரி வகைக் காய்களில் சில சமயம் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு கூடிவிடுகிறதாம். அவர்கள் சொன்னது: அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள், குடித்தபின் குமட்டலோ வாந்தியோ பேதியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாகற்காயோடு கலந்து அரைத்தால் எது கசக்கிறது என்று எப்படித் தெரியும்? என் அத்தை வெள்ளரிக்காயோ சுரைக்காயோ நறுக்கும்போது நுனியை நாக்கில் வைக்காமல் சட்டியில் போடமாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத கை, நிபுணர் குழு சொன்னதை அறுபது வருஷமாகச் செய்கிறது!

ஆகவே சகோதரிகளே, கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பெண்கள், ரத்தசோகை உள்ளவர்கள், சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள், அல்சர்காரர்கள், தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், இவர்களுக்கெல்லாம் சாறு விரதம் வேண்டாம். மற்றவர்களும் டாக்டரைக் கேட்டு, ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விருந்தாளி வருகிற நாளும், துணி மூட்டை துவைக்கிற நாளும் வேண்டாம். அன்றைக்கு ஸ்டூல் மேல் ஏறிப் பரண் சுத்தம் செய்யாதீர்கள், ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி பக்கம் போகாதீர்கள். சாற்றை அரைத்த உடனே குடியுங்கள், வைத்திருந்தால் கெட்டுப்போகும். மறுநாள் காலையில் கஞ்சி அல்லது இரண்டு இட்லி. முதல் வேளையே பிரியாணியில் கை வைக்க வேண்டாம்.

அந்த ஒரு நாளில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. மாலை நாலு மணிக்கு வாயில் போடுகிற முறுக்கு, சின்னவள் தட்டில் மிச்சம் விட்ட தோசை, சமைக்கும்போது கிள்ளித் தின்கிற வடை என்று கணக்கில் வராமல் எவ்வளவு உள்ளே போகிறது என்று அன்றுதான் கண்ணுக்குப் பட்டது. அதை நிறுத்த விரதம் தேவையில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிப்பது, அதில் பாதித் தட்டு காய்கறியாக வைப்பது, பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்பது, இந்த மூன்றையும் இரண்டு மாசமாகச் செய்கிறேன். ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. இது திரும்பி வரவில்லை.

சேலத்து மல்கோவா வந்தால் மிக்ஸியில் போடாதீர்கள். குடும்பமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு துண்டு, ருசித்துச் சாப்பிடுங்கள். அடுத்த இதழில், இரும்புச்சத்து கூடக் கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும் குழந்தைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பக்குவத்தையும் எழுதி அனுப்புங்கள்.